மார்ச் முடியட்டும்

"ஒண்ணு எடுத்துக்கோ, இல்லேன்னா விட்டுத் தொலை. அவரு என்ன நீ ஃப்ரிட்ஜுல எடுத்து வச்ச மிச்ச வான்கோழியா, வேற எதுவும் கிடைக்கலேன்னா சுட வச்சுத் திங்க?"

வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த ஞாயிறு. தெருவில் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அந்த மிச்ச வான்கோழி இருந்ததால், டார்லா சொன்னது எங்கள் எல்லாருக்கும் உடனே புரிந்தது. இரவு உடைக்கு மேல் கணவனின் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். எதிரே அவள் அண்ணன் வெண்டல் ஷிமெக், தன் வாசல் பனியை மண்வாரியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். டார்லாவின் கணவன் லைல் தெருவோரம் நிறுத்தியிருந்த தன் டிரக்கில் இன்ஜினை அணைக்காமல், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் என் தபால் பெட்டியருகே நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்பது எனக்கும் தெரியும். போய்ப் பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

வெண்டல் நிமிரவில்லை. "சத்தம் போடாத டார்லா. இன்னும் டிசம்பரே பொறக்கல. மார்ச் முடியட்டும்."

"கான்சஸ்காரன் மார்ச் வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானா?"

"இருக்க மாட்டான். அவன் அவசரக்காரன். அதான் போன வருஷம் அவன் டீம் கடைசி இடத்துல நின்னுது."

எங்கள் ஊர் போர்ட் ஹெல்ம், ஏரிக்கரையில் இருக்கிறது. கோடையில் ஹெரன்ஸ் அணி பேஸ்பால் ஆடும். குளிர்காலத்தில் ஹெரன்ஸைப் பற்றிப் பேசுவோம். பெரிய லீக் அணிகள் எதற்கும் சொந்தமில்லாத, மெத்தைக் கடைக்காரர் ஒருவர் நடத்துகிற சின்ன அணி. அதற்கு ஆள் சேர்ப்பவன் வெண்டல். பந்து எறிகிற பிட்சருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவன் எறிவதையெல்லாம் பிடிக்கிற கேட்சர் லைல் ஹாட்ஜ். ஆட வருகிறவர்களுக்குக் கோடை முழுக்க ஊர்க்காரர்கள் வீட்டில் அறை கொடுப்பது இங்கே வழக்கம். யாருக்கு எந்த வீடு என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே அணியில் யார் வருகிறார், யார் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வம்புக்காக இல்லை. படுக்கை விரிப்பு துவைக்க வேண்டுமே.

லைலும் அப்படி என் வீட்டு நிலவறைக்கு வந்தவன்தான். ஒக்லஹோமாக்காரன். நிதானமாகப் பேசுவான், நிதானமாகச் சாப்பிடுவான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். பந்து பட்டுப் பட்டு வலது கை விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகும். அண்ணனைக் கூப்பிட வந்த டார்லா ஒரு நாள் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்து, "இதுல மோதிரம் ஏறுமா?" என்று கேட்டாள். ஏறவில்லை. கல்யாண மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். எனக்கு எதிர் வரிசையில் வெண்டல் வீடு, என் வீட்டுக்குப் பக்கத்தில் இவர்கள் வீடு. ஜன்னல் சீலையை விலக்கிப் பார்க்கிறாள் என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி இடம் அமைந்துவிட்டது.

சண்டை எதைப் பற்றி என்றால் இதைப் பற்றி. சீசன் முடிந்ததும் ஓர் ஆட்டக்காரனை "எங்களுடையவன்" என்று அணி பிடித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த கோடைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொல்ல வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். வசந்தம் வரைக்கும் அணி விடுவித்தால் ஒழிய அவன் வேறெங்கும் போக முடியாது. வெண்டல் செப்டம்பரிலேயே லைலைப் பிடித்து வைத்துவிட்டான். மச்சானை விட்டுக்கொடுக்கவில்லை பார் என்று பேக்கரியில் பாராட்டினார்கள். நவம்பரில் கான்சஸிலிருந்து ஃபோன் வந்தது. வெல்ட்டன் என்ற ஊர் அணியின் மேனேஜர் ஒரு காலத்தில் லைலோடு ஆடியவன். வருகிற கோடை எனக்குக் கேட்சராக ஆடு, முட்டி ஒத்துழைக்காத அன்றைக்குக் கோச்சாக என் பக்கத்தில் உட்கார், வீடும் பார்த்துத் தருகிறேன் என்றானாம். முப்பத்தாறு வயதுக் கேட்சருக்கு இப்படி ஒரு வார்த்தையை இரண்டாம் முறை யாரும் சொல்வதில்லை. வெண்டல் விட்டால் போதும். அவன் விடவில்லை.

வெண்டலைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவன் பொறுமைசாலி, அவ்வளவுதான். அவனுக்கு முன்னால் இருந்தவர் கிறிஸ்துமஸுக்குள் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவார். அணி கோடை முழுக்கத் தோற்கும். வெண்டல் வந்தான், பாதி இடத்தைக் காலியாகவே வைத்திருந்தான். மார்ச் கடைசியில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் முடியும்போது, பெரிய அணிகள் தங்கள் இளசுகளில் வேண்டாதவர்களைக் கழித்துவிடும். நேற்றுவரை நட்சத்திரமாகப் போகிறோம் என்றிருந்த பிள்ளைகள், பையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டல் வராந்தாவில் நின்று அம்மாவிடம் அழுதுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் வெண்டலின் ஃபோன் போகும். எந்த ஊர், என்ன அணி என்றுகூடக் கேட்க மாட்டார்கள், சரி என்பார்கள். இரண்டு கோடை இது பலித்தது. உள்ளூர்ப் பத்திரிகை அவனை ஏரிக்கரையின் மிகப் பொறுமையான மனிதன் என்று எழுதியது. கிறிஸ்துமஸ் மரத்தைக்கூட அவன் கடைசி நாள் சாயங்காலம்தான் வாங்குவான், விற்கிறவன் வீட்டுக்குப் போகத் துடிக்கிற நேரத்தில். பாதி இலை கொட்டிய மரம்தான், ஆனால் எவ்வளவு சல்லிசு என்பதைப் புத்தாண்டு வரை சொல்லிக்கொண்டிருப்பான். ஹெலன் என்றொரு பெண்ணோடு பல வருஷம் பழகினான். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கும் அவன் பதறவில்லை.

அவன் வீட்டுப் புல்வெளியில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை நாரை நின்றது. ஹெரன்ஸ் என்றால் நாரைகள்தானே, அணியின் சின்னம். ஒற்றைக் காலில், கழுத்தை உள்வாங்கிக்கொண்டு, தண்ணீரையே பார்க்கிற நாரை. டிசம்பரில் பனி அதன் முட்டி வரை ஏறியது, ஜனவரியில் வயிறு வரை.

அந்தக் குளிர்காலம் லைல் மெத்தைக் கடையில் சுமை தூக்கினான். வேலை முடிந்து வந்து, கராஜில் குந்தி உட்கார்ந்து எழுந்து பழகுவான். முட்டி இரண்டும் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று டார்லா சொன்னாள். என் சமையலறையில் உட்கார்ந்து அவள் இதையெல்லாம் சொல்லும்போது, அண்ணனைப் போட்டுத் திட்டுவதைவிடக் கணவனைத்தான் அதிகம் திட்டினாள். கான்சஸ்காரன் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை கூப்பிட்டான், ஜனவரியில் ஒரு முறை. இரண்டு முறையும் லைல், மச்சான்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்றானாம். கேட்டானா என்றால், சரியான நேரம் பார்த்துக் கேட்கணும் என்றானாம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பொறுமையா இருக்காங்க அத்தை," என்றாள். "ஒருத்தன் பொறுமையா இருந்தா சம்பாதிக்கிறான். இன்னொருத்தன் பொறுமையா இருந்து கிழவனாகிறான்."

பிப்ரவரியில் வெண்டல், படகுத்துறை ஷெட்டில் புது பிட்சர்களை வரவழைத்துப் பார்ப்பான். குளிர்காலத்துக்குப் படகுகளைக் கவிழ்த்து வைக்கிற பெரிய தகரக் கொட்டகை. நடுவில் ஒரு நீளமான இடத்தைக் காலி செய்து தருவார்கள். சூடு கிடையாது. வருகிறவர்கள் எறிவதைப் பிடிக்க ஒரு கேட்சர் வேண்டுமே. வெண்டல் மச்சானைக் கூப்பிட்டான். நீ பிடித்துப் பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை என்றான். லைலுக்கு முகமெல்லாம் வெளிச்சம். இதற்கு அர்த்தம் எனக்கு இடம் இருக்கிறது என்பதுதான் என்று டார்லாவிடம் சொல்லியிருக்கிறான். அர்த்தம், அவன் கடைக்கு நீ சும்மா தராசு பிடிக்கிறாய் என்பதுதான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். மூன்று வாரம் அவன் போய்ப் பிடித்தான். யாருக்குக் கை நன்றாக வருகிறது, யார் பயந்த பிள்ளை, யார் தோள் வலியை மறைக்கிறான் என்று ஒவ்வொன்றாக வெண்டலுக்குச் சொன்னான். எந்த இடமும் உறுதியாகாத ஓர் அணியை, இடமில்லாத ஒருவன் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான்.

கடைசி சனிக்கிழமை நான் இலவங்கப்பட்டை ரொட்டியும் காப்பியும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். எத்தனை பையன்களுக்கு அறை பார்க்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அயோவாவில் பன்றிப் பண்ணையிலிருந்து ஒருவன் வந்திருந்தான், ஆஷர் என்று பெயர், கதவு நிலைக்குக் குனிய வேண்டிய உயரம். அவன் ஓரத்தில் தோளைச் சுழற்றிக்கொண்டிருக்க, கவிழ்த்த படகொன்றின் பக்கம் லைலும் வெண்டலும் நின்றிருந்தார்கள். நான் படகின் மறுபக்கம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். காப்பி ஊற்ற எவ்வளவு நேரம் ஆக வேண்டுமோ அவ்வளவு நேரம் ஆகட்டும் என்று ஊற்றினேன்.

லைல் கேட்டுவிட்டான். வெல்ட்டன்காரன் நேற்று ராத்திரி கூப்பிட்டான், திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வான், இதுதான் கடைசி என்கிறான். "விட்டுடு மச்சான். எனக்கு ஒண்ணும் கோபமில்ல."

வெண்டல் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நாள்தான் லைல். மார்ச் முடியட்டும். ஃப்ளோரிடாவுல யார் வெளிய வர்றாங்கன்னு பாத்துடறேன்."

"கேட்சர் யாராவது வந்தா?"

வெண்டல் ஓரத்தில் நின்ற ஆஷரைப் பார்த்தான்.

"வரலேன்னா?"

"வரலேன்னா நீதான் இருக்கியே."

இதை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். லைல் தலையை ஆட்டினான். ஏதோ சரிபார்த்துக்கொள்வது மாதிரி இரண்டு மூன்று முறை ஆட்டினான்.

"சரி சார்," என்றான்.

அத்தனை வருஷத்தில் அவன் வெண்டலை சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெண்டலும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லைல் கையுறையை மாட்டிக்கொண்டு, ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

கேட்சரின் முகக்கவசம் படகின் அடிப்பக்க ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் எடுக்கவில்லை. கோபத்தில் மறந்தான் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். இல்லை. லைல் இங்கே ஒருபோதும் எடுப்பதில்லை. ஆட்டத்தில் மாட்டுவான்; இந்த மாதிரிப் பார்வைக்கு வருகிற பையன்களுக்கு முன்னால் மாட்ட மாட்டான். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், உன் எறியில் எனக்கு நம்பிக்கையில்லை என்று நாமே முதலில் சொன்ன மாதிரி ஆகிவிடும், பயல் பயந்து பயந்து எறிவான், அவன் வாய்ப்பு போய்விடும் என்பான். கேட்சர்கள் எல்லாருமே இப்படித்தான். தன் மூக்கைக் காட்டி அடுத்தவனுக்குத் தைரியம் கொடுப்பதை ஒரு மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

ஆஷர் முதலில் நன்றாகத்தான் எறிந்தான். கையுறையில் பந்து விழுகிற ஓசை தகரக் கூரை முழுக்க ஓடியது. "அப்படித்தான் ராஜா," என்று லைல் சொல்வது எங்களுக்குக் கேட்டது. "இன்னும் கொஞ்சம் விட்டு எறி. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல." பிறகு யாரோ காற்றுக்காகவோ எதற்காகவோ ஷெட்டின் பெரிய கதவைத் தள்ளித் திறந்தார்கள். வெளியே பனியின் மேல் அடித்த வெயில் மொத்தமும் உள்ளே வந்தது.

அடுத்த எறியின் சத்தம் கையுறைச் சத்தம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. லைல் குந்திய நிலையிலேயே இருந்தான். விழவில்லை. கையுறையை மட்டும் மெதுவாக முகத்தின் பக்கம் கொண்டுபோனான்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைச் சுற்றிய எலும்பு நொறுங்கியிருந்தது. இடது கண் போய்விட்டது என்று டார்லாவிடம் சொன்னபோது, எந்த இடது, அவரோட இடதா நம்ம இடதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆஷர் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, அந்த உயரத்தையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றான். உட்காரவே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாரம் உள்ளூர் ரேடியோவில் வானிலைக்கும் பள்ளி விடுமுறைக்கும் நடுவே ஒரு வரி வந்தது. ஹெரன்ஸ் அணி கேட்சர் லைல் ஹாட்ஜை விடுவித்துவிட்டது. அவருடைய வருங்கால முயற்சிகளுக்கு வாழ்த்துத் தெரிவிக்கிறது.

டார்லா தெருவைக் கடந்து போனாள். இந்த முறை சரியான காலணி போட்டிருந்தாள், கோட்டின் பொத்தான் எல்லாம் போட்டிருந்தாள். நான் தபால் பெட்டிக்குப் போனேன். வெண்டல் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தான், முகத்தில் உண்மையான குழப்பத்தோடு.

"நீதான டார்லா கேட்ட?" என்றான். "விட்டுடுன்னு."

அவள் புல்வெளியில் இறங்கி, பனியை முழங்கால் வரை உழுதுகொண்டு போய், அந்தப் பலகை நாரையைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அது தரையோடு உறைந்திருந்தது. வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். கையுறையிலிருந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வெண்டல் அதைப் பிறகு நிமிர்த்தவில்லை. தரை இளகட்டும் என்று நினைத்திருப்பான்.

கான்சஸில் அந்த இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. மார்ச் முடிந்தது. ஃப்ளோரிடாவில் ஒரு நல்ல கேட்சரைக் கழித்துவிட்டார்கள், கென்ட்ரிக் என்று, இருபத்திரண்டு வயது, பாம்பு மாதிரி வளைகிற முட்டி. வெண்டல் கூப்பிட்டான், பையன் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. நிலவறையில் விரிப்பு மாற்றினேன். அந்தக் கோடை ஹெரன்ஸ் கோப்பையை வாங்கியது. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. பொறுமைக்குப் பலன் என்று பத்திரிகை எழுதியது. அது பொய்யும் இல்லை.

அதன் பிறகு கென்ட்ரிக் பேக்கரிக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு டொலீடோவுக்குப் போய்விட்டான். காப்பீட்டுக் கம்பெனியில் இருக்கிறான், நன்றாகக் கொழுத்துவிட்டான் என்று கேள்வி. ஆஷர் அன்றோடு பந்தைத் தொடவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒக்லஹோமாவில் லைல் வீட்டுக்கு ஒரு முழுப் பன்றித் தொடை அனுப்புகிறானாம். டார்லா பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவள் அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறாள். லைல் தன் தம்பியின் டயர்க் கடையில். அரிசோனாவில் ஒரு பெரிய அணியின் அலுவலகத்துக்கு வெண்டலைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போவதற்கு முன் ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டான். பல் டாக்டரோடு அவளுக்குச் சரிப்பட்டு வரவில்லை. விலை இறங்கும்வரை காத்திருந்தான் என்று பேக்கரியில் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, சொன்னதைக் கேட்டேன்.

டார்லாவும் லைலும் புறப்பட்டது அந்த ஏப்ரலில், முதல் ஆட்டத்துக்கு முந்தின வாரம். பனி இளகித் தெருவெல்லாம் சேறு. டிரக்கின் பின்னால் மெத்தை, நாற்காலிகள், டார்லாவின் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு. வெண்டல் தன் வாசலில் நின்றிருந்தான். அள்ளுவதற்குப் பனி இல்லாவிட்டாலும் மண்வாரி கையில் இருந்தது. பக்கத்தில் நாரை சாய்ந்தபடி நின்றது. அவன் தெருவைக் கடந்து வருவான் என்று நான் நினைத்தேன். இவர்கள் கிளம்பட்டும் என்று இருந்தானோ என்னவோ.

டார்லா வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். லைல் டிரக்கின் மறுபக்கம், ஓட்டுகிற கதவருகே நின்றான். அவள் பழக்கத்தில், யோசிக்காமல், "இந்தா" என்று வண்டிச் சாவியை டிரக்கின் கூரைக்கு மேலாக அவனுக்கு வீசினாள்.

கை சரியாகத்தான் மேலே போனது. எப்போதும் போகிற அழகோடு போனது. விரல்கள் மூடின. சாவி அவற்றுக்கு ஒரு சாண் அந்தப்பக்கம் போய், சேற்றில் விழுந்தது. லைல் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய கையை மெதுவாகக் கீழே இறக்கி, முகத்துக்கு அருகே கொண்டுவந்து, ஒவ்வொரு விரலாகத் திறந்தான்.

எதிர்வாசலில் வெண்டல் மண்வாரியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தான்.